யாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆடு? கற்பனை விலங்குக்குச் சாப்பாட்டுக் கணக்கு

கதை எழுதப் பழகும் தம்பி ஒருவர் தன் கதையைப் படிக்கக் கொடுத்தார். பொதிகை மலைக் குகையில் யாளி ஒன்று வாழ்கிறது, எருமையைவிடப் பெரியது. நாளுக்கு ஒரு முயலைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. அந்த யாளியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. கைபேசியில் கால்குலேட்டர் இருந்தால் போதும், உங்கள் விலங்கைப் பட்டினி போடாமல் காப்பாற்றலாம்.

முதல் படி: எடை

நெல்லையப்பர் கோயில் ஊஞ்சல் மண்டபத் தூண்களில் யாளிகளைப் பார்த்திருப்பீர்கள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம். காவலாளிக்கு விளக்கம் சொல்வது இந்தக் கணக்கைவிடக் கடினம். யாளியோடு வீரனும் செதுக்கப்பட்ட தூண் ஒன்றின் படம் போதும். அவன் உயரம் ஐந்தரை அடி என்று வைத்து, அந்த விகிதத்தில் யாளியை அளந்துகொள்ளுங்கள். சிற்பி அளவு பிசகியிருந்தால் பிசகட்டும்.

மாடு வளர்ப்போர் பயன்படுத்தும் சூத்திரம் இங்கே கைகொடுக்கும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். அளவுகள் அங்குலத்தில் இருக்க வேண்டும். சுற்றளவு 80, நீளம் 100 என்றால் 970 கிலோ. ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: சும்மா கிடக்கவே எவ்வளவு?

1932இல் மேக்ஸ் கிளைபர் என்ற அறிவியலாளர், உடல் செலவிடும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்று காட்டினார். எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்கினால், அசையாமல் கிடக்கும் விலங்கின் ஒரு நாள் தேவை கிலோகலோரியில் கிடைக்கும். முக்கால் அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். 1000 என்று அடித்து, வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்துங்கள், 5.62 வரும். அதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் ஏறத்தாழ 178. எழுபதால் பெருக்க, சுமார் 12,450.

நடமாடும் விலங்குக்கு இதை இரட்டிப்பாக்குங்கள்: 25,000 கிலோகலோரி. பறப்பதும் நெருப்பு கக்குவதும் தனிச் செலவு, மும்மடங்காவது வையுங்கள். பேய்க்கு எடையே இல்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாம் படி: புல்லா, கறியா?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தும்பிக்கை இருக்கிறதே என்று யாளிக்குத் தழை போட்டுவிடுகிறார்கள். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியிலும் பாதிக்கு மேல் யானைக்குச் செரிக்காமல் சாணமாகிவிடும். கிலோவுக்கு 360 கிலோகலோரி உடம்பில் ஒட்டினால் பெரிது. அப்படியானால் நாளுக்கு 70 கிலோ புல் வேண்டும். இந்த வழி சரிதானா என்று நாலாயிரம் கிலோ யானையைப் போட்டுப் பார்த்தேன். இருநூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. யானை 150 முதல் 200 கிலோ வரை தின்னும் என்பார்கள். கணக்கு காலை வாரவில்லை.

ஆனால் யாளிக்குக் கோரைப்பல்லும் நகமும் எதற்கு? சங்கப் பாடலில் ஆளி (யாளியின் பழைய பெயர்) யானையின் முகத்தில் பாய்ந்து வெண்தந்தத்தைப் பிடுங்குகிறது. அது கறிதான் தின்னும் என்பது என் தீர்ப்பு. கொழுப்பில்லாத ஆட்டுக்கறி கிலோவுக்குச் சுமார் 1,100 கிலோகலோரி. நாளுக்கு 23 கிலோ, அதாவது உரித்த வெள்ளாடு இரண்டு.

குட்டிச்சாத்தான் ஒரு கிலோ எடை என்றால் 140 கிலோகலோரி, நாற்பது கிராம் அரிசி. அற்பம்தான். ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அவன் யாளியைவிட ஐந்து மடங்குக்கு மேல் பசிக்காரன். ஓயாமல் நச்சரிப்பவனாக அவனை எழுதுங்கள், பொருந்தும்.

நான்காம் படி: நிலம்

ஆண்டுக்கு 8,400 கிலோ கறி. எலும்பு, தோல், குடலில் கிடக்கும் தீனி எல்லாம் கழிவு என்று சேர்த்தால், உயிரோடு 12,000 கிலோ விலங்கை யாளி அடிக்க வேண்டும். மந்தை அழியாதிருக்க, ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. அப்படியானால் மலையில் 1,20,000 கிலோ இரை உலவ வேண்டும். மிளா என்னும் பெரிய மான் ஒன்று 200 கிலோ என்றால் அறுநூறு மிளா, ஒரே ஒரு யாளிக்கு. களக்காடு–முண்டந்துறைக் காட்டில் புலியும் செந்நாயும் அதே மிளாவுக்குத்தான் காத்திருக்கின்றன.

தம்பி முயலை நீக்கிவிட்டார். இப்போது அவர் கதையில் முண்டந்துறைப் பக்கம் மிளாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. காரணம் தேடி வனக்காவலர் ஒருவர் மலையேறியிருக்கிறார்.