தெபுஸ்ஸியின் ‘ஆளிநார்க் கூந்தல் பெண்’: வாசிப்பில் வரும் பிழைகள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோத் தெபுஸ்ஸி 1910இல் வெளியிட்ட பிரெலூடுகளின் (சிறு பியானோ உருப்படிகளின்) முதல் தொகுதியில் எட்டாவது, ‘லா ஃபிய் ஓ ஷவு த லேன்’, அதாவது ‘ஆளிநார்க் கூந்தல் பெண்’. முப்பத்தொன்பதே பார்கள் (தாள ஆவர்த்தம் போன்ற கூறுகள்), இரண்டரை நிமிடம். பியானோ பழகிச் சில ஆண்டுகள் ஆனவர்கள் ஆசையோடு எடுக்கும் உருப்படி இது. மென்மையாக வாசிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மென்மையைத் தளர்ச்சியாக்கிவிடுவதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

முதலில் தாளம். ஓர் எட்டாம் பங்கு நோட்டு, தொடர்ந்து இரண்டு பதினாறாம் பங்கு நோட்டுகள்: இந்தப் பிடிதான் மெட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பலர் கையில் இது மூன்றும் சம நீளமாகி, திஸ்ர நடையாகக் குழைந்துவிடுகிறது. ‘சான் ரிகர்’, அதாவது இறுக்கமில்லாமல், என்று தெபுஸ்ஸியே எழுதியிருக்கிறாரே என்று கேட்கலாம். அதே வரியில் மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவியில்) நிமிடத்துக்கு 66 குவார்ட்டர் நோட்டுகள் என்றும் குறித்திருக்கிறார். தாளம் கைக்குள் இருந்தால்தான் அதை நெகிழ்த்த முடியும். ஒரு வாரமாவது மெட்ரோனோமுடன் வாசியுங்கள். பிறகு அதை அணைத்துவிடலாம்.

அடுத்தது, ஒலியை நீடிக்கவைக்கும் பெடல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. துணை ஸ்வரம் ஏதுமின்றித் தனியே இறங்கும் தொடக்க வரியில் டி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், இ ஃப்ளாட் என நான்கும் கறுப்புக் கட்டைகள். பெடலை அழுத்திப் பிடித்தால் நான்கும் சேர்ந்து இனிமையான ஒரு கார்டாக (ஸ்வரக் கூட்டாக) ஒலிக்கும். எதுவும் உரசாததால் காது எச்சரிக்காது; ஆனால் ஒற்றைக் குரலாகப் பாட வேண்டிய மெட்டு அங்கேயே கரைந்துபோகிறது. அந்த வரியைப் பெடலே இல்லாமல், ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு ஒலியைக் கைமாற்றிப் பழகுங்கள். சி ஃப்ளாட் மேஜரிலிருந்து ஜி ஃப்ளாட் மேஜருக்கு வந்து அமரும் முதல் கேடன்ஸில் (இசை வரியின் முடிப்பில்), ஒவ்வொரு கார்டுக்கும் பெடலைப் புதிதாக மாற்றுங்கள்.

உருப்படி அமைந்த ஜி ஃப்ளாட் மேஜரின் ஆறு ஃப்ளாட்டுகளுக்கு, அதாவது ஸ்வரத்தை அரைப்படி தாழ்த்தும் குறிகளுக்கு, பயந்து ஜி மேஜருக்கு மாற்றிய எளிய பதிப்பைத் தேடுவதையும் தவிர்க்கலாம். கறுப்புக் கட்டைகளின் மேல் விரல்கள் சற்றுத் தட்டையாகப் படுவதே இந்த ஒலிக்குப் பாதி காரணம் என்பேன். வெள்ளைக் கட்டையில் அந்தத் தொடுகை கிடைப்பதில்லை.

‘அன் பு அனிமே’ என்ற இடம் வந்ததும் சிலர் உச்சக்கட்டம் வந்துவிட்டதாக எண்ணி முழங்கத் தொடங்கிவிடுகிறார்கள். சற்றே உயிர்ப்பு கூட வேண்டும், அவ்வளவுதான்; ஒலியின் எல்லை மெஸ்ஸோ ஃபோர்ட்டேயை, அதாவது மிதமான உரப்பை, தாண்டுவதில்லை.

கடைசிப் பக்கத்தில், முணுமுணுப்பாக, சிறிது சிறிதாகத் தாமதித்து என்று குறிப்பு வருகிறது. குறிப்பைக் கண்டதுமே வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டால் முடிவு வரை குறைக்க எதுவும் மிஞ்சாது. அந்த இடத்தில் ஒலியை மட்டும் தாழ்த்தி, முந்தைய வேகத்திலேயே தொடங்குங்கள். தாமதம் ஒவ்வொரு பாராகச் சேரட்டும்.