நோபரா லினக்ஸ்: கேமுக்கும் வீடியோ வேலைக்கும் வருபவர்கள் செய்யும் தவறுகள்

நோபராவை நிறுவிய முதல் வாரத்திலேயே அதைக் கெடுத்துக்கொண்டு விண்டோஸுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் சும்மா இருந்திருந்தாலே கணினி நன்றாக ஓடியிருக்கும். ஏற்கெனவே சரிசெய்து வைத்திருப்பதை மறுபடியும் சரிசெய்யப் போவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற கருவியின் மாற்று வடிவமான புரோட்டான் ஜிஇயைப் பயன்படுத்தியவர்களுக்கு குளோரியஸ் எக்ரோல் என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பெயரில் இயங்கும் தாமஸ் க்ரைடர் 2022இல் வெளியிட்ட டிஸ்ட்ரோ (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவம்) இது. தனக்கும் தன் அப்பாவுக்கும் பயன்பட வேண்டும் என்றுதான் இதைச் செய்யத் தொடங்கினார். அடித்தளம் பெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோ. என்விடியாவின் மூடிய டிரைவர், காப்புரிமைச் சிக்கல் உள்ள வீடியோ கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்கள்) ஆகியவற்றை பெடோரா தன் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் கிடங்கில், வைப்பதில்லை. நோபரா அவற்றைச் சேர்த்து, இயங்குதளத்தின் மையமான கர்னலிலும் தன் பேட்ச்களை (திருத்தங்களை) போட்டு, கேமுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் வேண்டியதைத் தயாராகக் கையில் தருகிறது.

முதல் தவறு அப்டேட்டில் நடக்கிறது. பெடோராவில் பழகிய கை, கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து 'டிஎன்எஃப் அப்டேட்' என்று அடித்துவிடும் (டிஎன்எஃப் என்பது பெடோராவில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி). நோபராவில் இதைச் செய்யக் கூடாது. பெடோராவின் மென்பொருள் தொகுப்புகளும் நோபரா மாற்றியமைத்த தொகுப்புகளும் இங்கே சேர்ந்தே இருக்கின்றன. எது முதலில் ஏற வேண்டும், எந்தப் பழைய தொகுப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்ற வரிசை நோபராவின் சொந்த அப்டேட் செயலிக்குத்தான் தெரியும். அந்தச் செயலி முதலில் களஞ்சிய விவரங்களைப் புதுப்பிக்கும், தெரிந்த கோளாறுகளுக்கான திருத்தங்களைப் போடும், அதன் பிறகுதான் மற்ற தொகுப்புகளுக்குப் போகும். வெறும் டிஎன்எஃப் இந்தத் திருத்தங்களைத் தாண்டிப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய அப்டேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். டெர்மினல்தான் வேண்டும் என்றால் 'நோபரா-சிங்க் சிஎல்ஐ' என்ற கட்டளை இருக்கிறது, அதே வேலையைச் செய்யும். பிளாட்பேக் செயலிகளை (எந்த லினக்ஸிலும் ஓடும்படி தனியாகக் கட்டப்பட்டவை) மென்பொருள் கடையிலிருந்து தாராளமாக நிறுவலாம். கணினியின் அடிப்படைத் தொகுப்புகளை மட்டும் அந்தக் கடை வழியாகப் புதுப்பிக்க வேண்டாம்.

இதன் தம்பிதான் அடுத்த தவறு: பெடோராவுக்கு எழுதிய வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றுவது. நானும் செய்திருக்கிறேன். 'பெடோரா நிறுவியவுடன் செய்ய வேண்டியவை' என்ற ஒரு பட்டியலைப் பார்த்து பெடோராவில் இல்லாத மென்பொருளைத் தரும் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்தேன், அதிலிருந்து என்விடியா டிரைவரையும் போட்டேன். ஏற்கெனவே இருந்த டிரைவருடன் அது மோதியது. மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரை. அந்தப் பட்டியலில் தப்பில்லை, அது எழுதப்பட்டது வேறொரு கணினிக்கு. என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள் தரவிறக்கும்போதே என்விடியாவுக்கான ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) எடுத்துவிடுங்கள். டிரைவர் தேட வேண்டிய வேலையே இருக்காது.

அப்புறம், கேம் வைத்திருக்கும் வட்டு. விண்டோஸில் ஏற்கெனவே 300 ஜிபிக்கு ஸ்டீம் கேம்கள் இருக்கும். மறுபடி இறக்க யாருக்கு மனம் வரும்? விண்டோஸ் முறையில் அமைந்த அதே என்டிஎஃப்எஸ் பகிர்வை (வட்டுப் பகுதியை) லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிடுவார்கள். சில கேம்கள் ஓடும், சில ஓடாது. காரணம் இரண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஷட்டௌன் கொடுத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் உள்ள அந்தப் பகிர்வை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். இரண்டாவது, புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் கோப்புறை அமைக்கிறது. அதற்குள் 'சி' என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு உருவாகும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வருவதை விண்டோஸ் ஏற்காது. அடுத்த முறை விண்டோஸ் தன் வட்டைச் சோதிக்கும்போது அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும்.

இதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஒரு பகிர்வை உருவாக்கி, அதில் புதிய ஸ்டீம் நூலகம் அமையுங்கள். பழைய நூலகத்தின் 'காமன்' கோப்புறைக்குள் உள்ள கேமின் கோப்புறையை அப்படியே புதிய நூலகத்தின் 'காமன்' கோப்புறைக்கு நகலெடுங்கள். பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்து அந்த நூலகத்தைத் தேர்ந்தெடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு விடுபட்டதை மட்டும் இறக்கும்.

வீடியோ வேலை செய்பவர்களை அதிகம் நோகடிப்பது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் செயலி. நிறுவியாகிவிட்டது, திறந்தும் விட்டது. ஃபோனில் எடுத்த எம்பி4 கோப்பைப் போட்டால் படமும் இல்லை, ஒலியும் இல்லை. நோபரா கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. லினக்ஸுக்கான இலவச ரிசால்வ் எச்.264, எச்.265 வீடியோக்களையும் ஏஏசி ஒலியையும் படிக்காது. எந்த டிஸ்ட்ரோவுக்கு மாறினாலும் இதே கதைதான். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றுக் கருவி மூலம் படத்தை எடிட்டிங்குக்கான டிஎன்எக்ஸ்எச்ஆராகவும் ஒலியைப் பிசிஎம் ஆகவும் மாற்றி, எம்ஓவி கோப்பாக உள்ளே கொண்டுவருவதே வழி. தரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது, இடம்தான் போகும்: முழு எச்டியில் 30 பிரேம் வீடியோவுக்கு, நடுத்தர டிஎன்எக்ஸ்எச்ஆர் தரத்தில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. அதற்கேற்ற எஸ்எஸ்டி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 295 டாலருக்கு ஸ்டுடியோ பதிப்பை வாங்கினால் எச்.264 தடை நீங்கும். யூடியூபுக்கு வெட்டி ஒட்டுவதுதான் வேலை என்றால் கேடிஎன்லைவ் என்ற எடிட்டிங் செயலி போதும் என்பேன். ஃபோன் கோப்புகளை அது நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவுச் செயலியில் திரை கறுப்பாக வந்தால், லினக்ஸ் திரையை வரையும் பழைய முறையான எக்ஸ்11 காலத்து விண்டோ கேப்சரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் பைப்வயர் வழியான திரைப் பதிவைத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, நிறுவுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது. வாலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடியது. இது ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் பற்றிய அந்தந்த நிறுவனத்தின் முடிவு, எந்தப் புரோட்டானாலும் தாண்ட முடியாது. நீங்கள் தினமும் ஆடும் கேமைப் எந்த கேம் லினக்ஸில் ஓடும் என்று காட்டும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாலரண்டுக்காக விண்டோஸையும் வைத்துக்கொள்வது என்றால் சரி, நோபராவைத் தனி எஸ்எஸ்டியில் போடுங்கள். ஆனால் விண்டோஸ் 11இல் வாலரண்டுக்கு செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்க வேண்டும். நோபராவின் கர்னலுக்கு வழக்கமாக அதை அணைக்க வேண்டியிருக்கும். மாறும்போதெல்லாம் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புப் பகுதிக்குள்) போய்வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்குங்கள். விண்டோஸில் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை முன்கூட்டியே எடுத்து, இந்தக் கணினியில் இல்லாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.