காப்பிக் கலவை வகுப்புக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் காப்பித்தூள் வாங்கிப் பழகியவர்களுக்குக் கலவை புதிதல்ல. "பிளான்டேஷன் ஏ பாதி, பீபெர்ரி பாதி, சிக்கரி இருபது" என்று யோசிக்காமல் சொல்வார்கள். அப்பா சொன்ன அளவு, மாமியார் வீட்டு அளவு என்று தலைமுறையாக வருவது அது. இப்போது சென்னையில் கொட்டை வறுக்கிற சிலர், அந்த அளவை நாமே கண்டுபிடிக்கும்படி விடுமுறை நாட்களில் வகுப்பு நடத்துகிறார்கள். நான்கைந்து வகைக் கொட்டை, ஒரு தராசு, வெந்நீர், வரிசையாகக் கிண்ணங்கள். சுவைத்து, கலந்து, நம் பெயர் எழுதிய பொட்டலத்தோடு வெளியே வரலாம். காப்பியில் அக்கறை உள்ள எவரும் ஒருமுறையாவது போகவேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அங்கே பிரமாதமாக இருந்த தூள் மறுநாள் காலை வீட்டில் சப்பென்று இருக்கிறது என்ற புலம்பலும் அடிக்கடி காதில் விழுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கலந்தது ஒரு காப்பிக்கு, வீட்டில் குடிப்பது வேறு காப்பி.

பாலைத்தான் முதலில் சொல்லவேண்டும். வகுப்பில் எல்லா வகைகளையும் பாலும் சர்க்கரையும் இல்லாமல் சுவைக்கச் சொல்வார்கள். 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் விலக்கி மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து பார்ப்பது என்பது தொழில்முறைச் சுவைஞர்களின் வழக்கம். ஒவ்வொரு கொட்டையின் குணத்தையும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கலவையையும் அந்தக் கிண்ணத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். காப்பியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய இனங்கள் உண்டு. லேசாக வறுத்த அராபிகாவின் பழப்புளிப்பு கறுப்புக் காப்பியில் அழகாகத் தெரியும். பால் விழுந்ததும் பாதி காணாமல் போகும், மீதி ஒட்டாமல் நிற்கும். கறுப்பாகக் குடித்தபோது முகத்தைச் சுளிக்கவைத்த ரோபஸ்டாவோ, பாலோடு சேர்ந்தால் காப்பிக்கு உடம்பு கொடுக்கும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் மாற்றம் இது. ஆகவே கடைசி இரண்டு கலவைகளையாவது டிகாக்‌ஷனாக இறக்கி, பால் ஊற்றிக் குடித்துப் பார்க்கவேண்டும். எந்தப் பால் என்பதும் முக்கியம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். ஆரஞ்சுப் பாலுக்கு எடுப்பாக இருக்கும் கலவை நீலப் பாலில் முரட்டுத்தனமாகத் தெரியலாம். வீட்டில் வாங்கும் பால் எதுவோ அதையே கேளுங்கள். அங்கே இல்லையென்றால் போகும் வழியில் ஒரு பாக்கெட் வாங்கிப் போங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

தண்ணீரை எவரும் நினைப்பதே இல்லை. சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் மெட்ரோ தண்ணீர், அடுத்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு, அதற்கடுத்த வீட்டில் கேன். உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீர் காப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். தாதுக்களை அறவே நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் அதே தூள் வெளுத்துப்போனாற்போல இருக்கும். வகுப்பு நடத்துகிறவர்கள் தங்கள் தண்ணீரை அளந்து, சரிசெய்து வைத்திருப்பார்கள். எனவே வீட்டில் காப்பிக்கு வைக்கும் தண்ணீரில் ஒரு பாட்டில் கையோடு எடுத்துப் போவது நல்லது. தேர்ந்தெடுத்த கலவையை இரண்டு தண்ணீரிலும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். ஒரே தூளா இது என்று கேட்கத் தோன்றும்.

அடுத்த தவறு, பெயரைக் கண்டு சுவையை முடிவு செய்வது. ஏஏ, ஏ, பி என்பவை கொட்டையின் அளவைச் சொல்லும் தரங்கள். சல்லடையில் சலித்துப் பிரிப்பவை. கொட்டை பெரிதாக இருப்பதாலேயே சுவை கூடிவிடாது. பீபெர்ரி தனிச் செடியில் காய்ப்பதும் அல்ல. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி வளரும்; ஒன்று மட்டும் வளர்ந்தால் தட்டை முகம் இல்லாமல் உருண்டையாகும், அதுதான் பீபெர்ரி. எந்த மலை, பழத்தைக் கழுவிப் பக்குவப்படுத்தினார்களா அல்லது அப்படியே உலர்த்தினார்களா, எவ்வளவு வறுத்தார்கள் என்று கேளுங்கள். சேர்வராயனா, பழனி மலையா, குடகா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், ஏயா பியா என்பதைவிட எவ்வளவோ உதவும்.

சிக்கரியைப் பற்றி வகுப்பில் இரண்டு விதமான பிடிவாதங்கள் மோதும். அதைச் சொல்வதே கேவலம் என்று சிலர் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு வகுப்பில் வயதான அம்மா ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, எங்கள் வீட்டில் அவருக்குச் சிக்கரி இல்லாவிட்டால் காப்பி இறங்காது. இங்கே அதைக் கலக்கலாமா?" சொல்லிக்கொடுத்த இளைஞர், "தாராளமாகக் கலக்கலாம் அம்மா, நீங்கள் குடிக்கப்போகிற காப்பிதானே" என்று சிக்கரி டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். அந்தப் பதில்தான் சரி. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: டிகாக்‌ஷன் கன்னங்கரேலென்று இருந்தால் ஸ்ட்ராங் என்று நம்பிச் சிக்கரியை ஏற்றிக்கொண்டே போவது. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காப்பியைவிட மிக அதிகமாக நீரில் கரையும், நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காஃபின் அதில் துளியும் இல்லை. உண்மையான வீரியம் வேண்டுமானால் ரோபஸ்டாவை ஏற்றவேண்டும். அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் அதில் இருக்கிறது. விற்பனைக்கு வரும் காப்பி, சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும் என்பது சட்டம். சிக்கரியைப் பத்து சதவீதத்திலிருந்து தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். முப்பதைத் தாண்டினால் நல்ல கொட்டைக்குக் கொடுத்த காசு வீண் என்பது என் கருத்து.

ஐந்து ஐந்தாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் ரோபஸ்டாவையும் கூட்டி, பீபெர்ரியையும் குறைத்து, சிக்கரியையும் மாற்றினால், சுவை கெட்டது எதனால் என்பதும் தெரியாது, கூடியது எதனால் என்பதும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். கரண்டிக் கணக்கும் உதவாது. நன்றாகக் கறுக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும், லேசாக வறுத்தது கனமாக இருக்கும். ஒரே கரண்டியில் அள்ளினாலும் கிராம் மாறும். தராசு எதற்கு இருக்கிறது?

மல்லிகைப்பூ, சென்ட், வெற்றிலைபாக்கு மூன்றும் அன்று வேண்டாம். உங்கள் மூக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் மூக்கும் அடைபடும். பூண்டு ரசமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு நேரே போவதும் அப்படித்தான். இட்லி போதும், வெறும் வயிறு இன்னும் மோசம்.

உறிஞ்சும்போது சத்தம் வந்தால் அநாகரிகம் என்று வாயை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். சத்தத்தோடு உறிஞ்சினால்தான் காற்றோடு கலந்து மணம் மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடவேண்டும், அதற்கென்று கோப்பை தருவார்கள். எல்லாவற்றையும் விழுங்கினால் பத்தாவது கிண்ணத்தில் நெஞ்சு படபடக்கும், ராத்திரித் தூக்கமும் போகும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் சூடு குறைகளை மறைத்துவிடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் அதே கிண்ணத்தை மறுபடி சுவையுங்கள். நல்ல காப்பி ஆறினாலும் இனிக்கும். கருகியதும் பழசானதும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

வெளியே வரும்போது விகிதத்தை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. ஒவ்வொரு கொட்டையின் வறுவல், வறுத்த தேதி, அரைத்த பருமன், எத்தனை கிராம் தூளுக்கு எத்தனை மில்லி டிகாக்‌ஷன் என்பதும் வேண்டும். அதே கொட்டையைப் பில்டருக்கு அரைப்பதற்குப் பதிலாக நைசாக அரைத்துவிட்டால், டிகாக்‌ஷன் இறங்காமல் தேங்கிக் கசந்துபோகும். அன்றே வறுத்த கொட்டையாக இருந்தால் ஓரிரு நாள் பொறுத்துப் பில்டரில் போடுங்கள். உள்ளே இருக்கும் கரியமில வாயு வெளியேற நேரம் வேண்டும். கால் கிலோவுக்கு மேல் அரைத்து வாங்கவேண்டாம். சென்னையின் ஈரக்காற்றில் சிக்கரி கலந்த தூள் சீக்கிரம் கட்டிதட்டும். அதற்குப் பயந்து பிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் இன்னும் ஈரம் கோக்கும். இறுக மூடிய எவர்சில்வர் டப்பா, உலர்ந்த கரண்டி, அடுப்புக்கு எட்டாத அலமாரி. ஒரு வாரம் குடித்தபின் ஏதாவது குறைகிறது என்று பட்டால், குறித்து வைத்த காகிதத்தோடு போய் ஒரே ஒரு பங்கை மட்டும் மாற்றி அரைத்துத் தரச் சொல்லுங்கள்.