ரோமில் அரை நாள் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமுக்கு மூன்று நாள் திட்டம் போடுபவர்கள் இடங்களை எண்ணுகிறார்கள். எந்த இடம் எந்தக் கிழமை திறந்திருக்கும், எந்த வாசல் வழியே உள்ளே போக வேண்டும் என்று பார்ப்பதில்லை. அங்கே அரை அரை நாளாக நேரம் கரைவது பெரும்பாலும் இதனால்தான்.

வத்திக்கானில் இது அதிகம் நடக்கும். புனித பேதுரு பேராலயத்துக்குச் சதுக்கத்திலிருந்து நுழைய வேண்டும், கட்டணம் இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகத்தின் வாசல் அங்கே இல்லை. மதிலின் வடபக்கம், வியாலே வத்திக்கானோ சாலையில் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து மதிலை ஒட்டி நடந்தால் சுமார் கால் மணி நேரம். மைக்கேலாஞ்சலோ வரைந்த விதானம் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தையும் பலர் பேராலயத்துக்குள் தேடுகிறார்கள். அது அருங்காட்சியகத்தின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. ஆகவே 10 மணிச் சீட்டை வைத்துக்கொண்டு 9.50க்குச் சதுக்கத்தில் நிற்பவர் ஓட வேண்டியதுதான்.

கிழமையும் முக்கியம். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரை இலவசமாகத் திறக்கிறார்கள். அந்த இலவசத்துக்கு விலை நீண்ட வரிசை. 20 யூரோ சீட்டுடன் 5 யூரோ முன்பதிவுக் கட்டணம் சேர்த்து அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்கிவிடுவதே மேல். புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாட்களில் பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அன்று காலை அருங்காட்சியகம், மாலை பேராலயம் என்று மாற்றிக்கொள்ளலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். கோடையில் அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் திரும்புபவர்கள் உண்டு. பேராலயக் குவிமாடத்துக்கு லிஃப்ட் சீட்டு வாங்கினால் உச்சி வரை போகலாம் என்பதும் தவறான எண்ணம். மொத்தம் 551 படிகள். லிஃப்ட்டுக்குப் பிறகும் 320 பாக்கி. கடைசிப் பகுதி குறுகலாகச் சாய்ந்து ஏறும். மூட்டுவலிக்காரர்களும் அடைத்த இடம் ஆகாதவர்களும் தவிர்க்கலாம்.

கொலோசியத்தில் பிரச்சினை சீட்டில் தொடங்குகிறது. ஒவ்வொரு சீட்டிலும் பெயர் இருக்கும்; அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்க் கடவுச்சீட்டுகளில் முதலெழுத்து, தகப்பனார் பெயர் எல்லாம் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டை அதே நேரத்துக்கு எடுத்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பெற்றோர் உள்ளே, பிள்ளை வெளியே என்ற நிலை வரும். சாதாரணச் சீட்டு 18 யூரோ. அதிலேயே பழைய நகரின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பலாட்டைன் குன்றும் அடக்கம் என்பது தெரியாமல் கொலோசியத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அந்த இரண்டையும் விட்டால் ரோமின் பாதியை விட்டது போலத்தான். ஃபோரத்தில் நிழல் மிகக் குறைவு, வெயிலுக்கு முன் காலையிலேயே முடித்துவிட்டுப் பிறகு கொலோசியத்துக்கு வாருங்கள். சான் கிரெகோரியோ சாலையிலுள்ள பலாட்டைன் வாசலில் பொதுவாகக் கூட்டம் குறைவு. பெரிய முதுகுப்பையைக் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள்.

போர்கேசே கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில் முன்பதிவும் இரண்டு மணி நேர வரையறையும் உண்டு. பழங்கால ரோமானியக் கோயிலான பேந்தியன் இலவசம் என்ற பழைய தகவலை நம்பாதீர்கள், 2023 ஜூலை முதல் கட்டணம் வாங்குகிறார்கள். சிறிய ஆலயங்கள் பல மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும். ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள் உள்ள சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேசி அப்படிப்பட்ட ஒன்று, காலையில் போய்விடுங்கள்.

பேருந்திலும் மெட்ரோவிலும் 1.50 யூரோ சீட்டு 100 நிமிடம் செல்லும். பேருந்தில் ஏறியதும் அதை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். கையில் சீட்டு இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். 100 நிமிடம் முடியாவிட்டாலும் அதே சீட்டில் மெட்ரோவில் ஒரு முறைதான் நுழையலாம். வங்கி அட்டையைத் தொட்டும் பயணிக்கலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து எல்லோரும் 14 யூரோ லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். அது நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு மட்டும் போகும். திராஸ்தேவெரே பக்கம் தங்குபவர்களுக்கு 8 யூரோ எஃப்எல்1 ரயிலே சரி, நேராக அங்கேயே இறக்கிவிடும். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து ஜேப்படிக்குப் பேர்போனது. கைபேசியைப் பின்பையில் வைக்காதீர்கள்.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார 2019 முதல் தடை. மீறினால் அபராதம் 400 யூரோ வரை போகலாம். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தெருவெங்கும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

சைவக்காரர்களுக்குத்தான் ரோம் கொஞ்சம் கஷ்டம். கார்பொனாரா, அமத்ரிச்சியானா, க்ரீச்சா ஆகிய மூன்று பாஸ்தாக்களிலும் பன்றிக் கன்ன இறைச்சி இருக்கும். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்ந்த காச்சோ எ பேப்பேயைத்தான் பலரும் நம்பி வாங்குகிறார்கள். அதிலுள்ள பெகோரினோ ரோமானோ என்ற பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்கிறார்கள். முட்டைகூடத் தொடாத கடும் சைவர்கள் இதையும் ஒதுக்கத்தான் செய்வார்கள். புந்தரெல்லே கீரையில் நெத்திலி அரைத்துச் சேர்ப்பார்கள். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும் உள்ள பிட்சா மரினாரா பாதுகாப்பானது, பாலாடைக்கட்டியே கிடையாது. பல உணவகங்களில் மதியம் மூன்று மணி வாக்கில் அடுப்பை அணைத்தால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். இடையில் பசித்தால் எடைக்கு வெட்டித் தரும் தட்டுப் பிட்சாக் கடைகள் இருக்கின்றன.