ஹோஸ்ட்நேமைக் கொடுத்து ஐபி முகவரியை எடுப்பது: பைத்தானில் செய்முறை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஸ்டாக் சர்வரோடு பேச ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். கையில் இருப்பது சர்வரின் பெயர். வேண்டியது ஐபி முகவரி. பலர் உடனே போவது கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு. அது வேண்டாம், ஐபிவி4 என்ற பழைய வகை முகவரி ஒன்றை மட்டும்தான் தரும். அதே சாக்கெட் மாட்யூலில் இருக்கும் கெட்அட்ர்இன்ஃபோவை எடுங்கள்.

அதற்குப் பெயரையும் போர்ட் எண்ணையும் (எச்டிடிபிஎஸ் என்றால் 443) கொடுத்து, டைப் என்பதில் சாக்_ஸ்ட்ரீம் போடுங்கள். டைப்பை விட்டால் லினக்ஸில் ஒரே முகவரி டிசிபி, யுடிபி, ரா என்று மூன்று முறை வரும். பெயர் இருக்கும் இடத்தில் வெறும் பெயர் மட்டும் இருக்கட்டும். முன்னால் 'எச்டிடிபிஎஸ்://' ஒட்டிக்கொண்டிருந்தால் நிச்சயம் எரர்தான்.

திரும்பி வருவது ஒரு லிஸ்ட். ஒவ்வொரு வரியும் ஐந்து உறுப்புள்ள டியூப்பிள். கடைசி உறுப்புக்குள் முதலில் இருப்பதுதான் ஐபி, அதாவது இன்டெக்ஸ் 4, அதற்குள் 0. முதல் முகவரியோடு நிறுத்தாதீர்கள். அது ஐபிவி6 என்ற புதிய வகையாக இருந்து, உங்கள் லைனில் ஐபிவி6 சரியாக ஓடாவிட்டால் கனெக்‌ஷன் கிடைக்காது. வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக முயலுங்கள்.

தேடல் தவறினால் கிடைப்பது கெய்எரர் என்ற பிழை. அதன் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். லினக்ஸில் -3 என்றால் தற்காலிகத் தடங்கல். சில வினாடி விட்டு மறுபடி கேட்கலாம். -2 என்றால் அந்தப் பெயரே கிடைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. ஆம்பூர் ஆபீசுக்குள் ஓடிய அதே கோட், காட்பாடி வீட்டில் -2 கொடுத்தால் கோடைக் குடையாதீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் கம்பெனியின் உள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) மட்டும் இருக்கும். அப்படியானால் விபிஎன் போட்டு கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைந்தால் கிடைத்துவிடும்.

சோதிக்க என்எஸ்லுக்கப் கட்டளையை நம்பாதீர்கள். அது நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. உங்கள் புரோகிராமோ வழக்கமாக ஹோஸ்ட்ஸ் ஃபைலை (உங்கள் கம்ப்யூட்டரிலேயே பெயரும் ஐபியும் எழுதிய பட்டியல்) முதலில் பார்க்கும். அங்கே என்றோ எழுதி மறந்த ஒரு வரி பழைய ஐபியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸ் டெர்மினலில் 'கெட்என்ட் அஹோஸ்ட்ஸ்' என்று அடித்துப் பெயரைக் கொடுங்கள். புரோகிராம் பார்க்கும் விடை அப்படியே தெரியும்.

இன்னொன்று: சாக்கெட்டுக்கு வைத்த டைம்அவுட் இந்தத் தேடலைக் கட்டுப்படுத்தாது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் ஒரு டிஎன்எஸ் சர்வருக்கு 5 வினாடி, மொத்தம் இரண்டு சுற்று. இரண்டு டிஎன்எஸ் சர்வர் அமைத்திருந்து, இரண்டும் பதில் தராவிட்டால் 20 வினாடி புரோகிராம் அப்படியே நிற்கும். திரையோடு கூடிய புரோகிராம் என்றால் தேடலைத் தனி திரெட்டில் விடுங்கள்.

கிடைத்த ஐபியை கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைக்காதீர்கள். சர்வரை மாற்றிய அன்றே அறுந்துபோகும். எச்டிடிபிஎஸ்ஸில் ஐபியைப் போட்டு இணைந்தால் சான்றிதழும் பொதுவாக ஒத்துப்போகாது, ஏனென்றால் அது பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கும்.