கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்திருக்கும் புதுப் பிள்ளைகளுக்கு

போன வாரம் எங்கள் டிரெஸ்ஸிங் அறையில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, ஒரு சுகர் நோயாளியின் கேஸ் ஷீட்டில் "நான்-கம்ப்ளையண்ட்" (non-compliant, அதாவது சொன்னபடி கேட்காதவர்) என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். இருபது வருசத்துக்கு முன்னால் நானும் அதையேதான் எழுதினேன், அடிக்கோடு உட்பட. கையுறை மாற்றுவது, புண்ணை அளந்து குறிப்பது எல்லாம் நீங்கள் படித்துவிட்டு வருகிறவை. அவற்றை இங்கே தொடவில்லை. சுகர் நோயாளிகளிடம் பேசுவதில் நாம் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"வலிச்சா வாங்க" என்று சொல்லி அனுப்புவது

சுகரால் மரத்துப்போன கால் வலிக்காது. தேதி சொல்லி அனுப்புங்கள்.

"சொன்னா கேக்கறதில்லை" என்று எழுதி முடிப்பது

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். அறுபது வயதைத் தாண்டியவர். வலது பெருவிரலுக்குக் கீழே, பாதம் ஊன்றுகிற இடத்தில் புண். சுற்றிலும் காலாணி தடித்திருக்கும். அந்த இடத்தில் பாரம் விழாமல் இருக்க பூட்ஸ் மாதிரி ஒரு செருப்புக் கொடுத்திருந்தோம். வாரா வாரம் கேட்பேன், "செருப்புப் போடறீங்களா?" "போடறனுங்க அம்மணி" என்பார். புண் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

ஏழாவது வாரம் கட்டைப் பிரித்தால் பஞ்சுக்குள் சாணியும் வைக்கோல் துணுக்கும். செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் தேயவே இல்லை. அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: "காலை எடுத்துருவாங்க, பரவாயில்லையா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு "தப்புத்தானுங்க" என்றார். அடுத்த வாரம் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து மகன் தூக்கிக்கொண்டு வந்தபோது நாற்றம் வராண்டாவரை அடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணுவீங்க?" நாலரைக்கு எழுந்து கட்டுத்தறியைக் கூட்டி, ரெண்டு எருமையைக் கறந்து, ஆறரைக்குள் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும். ஈரச் சாணியில் அந்தச் செருப்பு வழுக்கும். ஒருதரம் விழப் பார்த்தார். "அப்பறம் ஊட்டுக்குள்ள எப்படிங்க செருப்போட போறது? சாமி படமெல்லாம் இருக்குதுங்களே." வெளியே கிளம்பும்போதெல்லாம் தவறாமல் போட்டிருக்கிறார். என் கேள்விக்கு அவர் சொன்ன பதில் பொய்யே இல்லை. ஆனால் அவர் நடையில் முக்கால்வாசி வீட்டுக்குள்ளும் கட்டுத்தறியிலும்தான்.

அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், கால் புண் உள்ள 20 பேரின் இடுப்பில் ஒன்று, பூட்ஸில் ஒன்று என்று நடையை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள். அன்றாட நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கும் நம் ஊரில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் நோயாளியின் மனசு பாதிதான். மீதி, உணர்ச்சி போன கால். நமக்கு முள் குத்தினால் கால் தானாகவே நொண்டும். பாரம் வேறு பக்கம் போய்விடும். அவர்களுக்கு நொண்டத் தோன்றாது, புண் மேலேயே ஊன்றி நடப்பார்கள். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டதும் இதைத்தான். சுகர் காலிலும் நடப்பது அதுவே.

அதனால் செருப்பைக் கொடுக்கும் முன் அந்த வீட்டு வேலையைக் கேளுங்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, சீழும் இல்லையென்றால், கழற்ற முடியாத மாவுக்கட்டுப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே பேசுங்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மாவுக்கட்டு நனையக் கூடாது. அத்தனை நாள் எருமையை யார் கறப்பது என்று மகனையும் மருமகளையும் உட்கார வைத்து முடிவு செய்த பிறகே கட்டுங்கள். கழற்றும் செருப்புத்தான் என்றால், வெளியே மிதிக்காத ஒரு ஜோடியை வீட்டுக்குள் போட மட்டும் தனியாகக் கொடுங்கள். "சாமி ரூமுக்குள்ள மட்டும் கழட்டிக்குங்க, அங்கயும் நிக்காம உக்காந்து கும்பிடுங்க" என்றால் ஒத்துக்கொள்கிறார்கள்.

"நான்-கம்ப்ளையண்ட்" என்று எழுதிய அந்தப் புது நர்ஸ் பெண்ணைத் திரும்ப அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அந்த நோயாளி டிபன் கடையில் தோசை மாஸ்டர். காலை ஐந்திலிருந்து பதினொன்றுவரை கல் முன்னால் நின்றபடியே இருக்கிறார். இப்போது கேஸ் ஷீட்டில், "உயரமான ஸ்டூல் போட முடியுமா? முதலாளியிடம் போனில் பேச வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

மஞ்சளும் காப்பித்தூளும் வைத்து வந்தால் சிரிப்பது

சிரித்தால் அடுத்த முறை கழுவிவிட்டு வருவார்கள். என்ன வைத்தார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது.

நேர்த்திக்கடனை ஒரே வார்த்தையில் மறுப்பது

பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதும் (தீ மிதிப்பது), தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடப்பதும் இந்தப் பக்கத்து வீடுகளில் வழிவழியாக வருவது. "போகாதீங்க" என்று வெட்டிச் சொன்னால் சொல்லாமல் போய்விடுவார்கள். மரத்த காலுக்குச் சுடுவதுகூடத் தெரியாது. கொப்புளத்தை மறுநாள் பேரப்பிள்ளைதான் பார்த்துச் சொல்லும். அதனால் கார்த்திகை, மார்கழியிலேயே நீங்களாகப் பேச்சை எடுங்கள். "இந்த வருசம் உங்களுக்குப் பதிலா பையன் இறங்கட்டுமுங்களா?" என்று நான் கேட்பேன். பல வீடுகளில் சம்மதித்திருக்கிறார்கள்.

புண் ஆறியதும் "இனி வர வேண்டாம்" என்பது

ஆறினவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஒரே வருசத்தில் திரும்ப வருகிறது. தழும்பைத் தொட்டுக் காட்டி, தினமும் ராத்திரி யார் பாதத்தைப் பார்ப்பது என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த மாதத் தேதியைக் கொடுத்து அனுப்புங்கள்.