வேறு சபையின் ஆராதனையில் நாம் செய்துவிடும் தவறுகள்

திருமணம், அடக்க ஆராதனை, உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானம் என்று ஏதாவதொரு காரணத்தால், தன் சபை அல்லாத இன்னொரு சபையின் வழிபாட்டில் கலந்துகொள்ளாத கிறிஸ்தவர் அரிது. கத்தோலிக்கத் திருப்பலியில் பெந்தெகொஸ்தே விசுவாசி அமர்ந்திருப்பார், ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் பாப்டிஸ்ட் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அங்கே தவறு செய்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடு வந்தவர்கள். ‘இந்த நேரத்தில் இவர்கள் என்ன நடப்பதாக நம்புகிறார்கள்?’ என்று கேட்காமல், தம் சபையில் இதற்கு என்ன பொருளோ அதையே இங்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

நற்கருணை வரிசை

அப்பமும் திராட்சை ரசமும் பெறும் நற்கருணை வேளைதான் மனக்கசப்பு அதிகம் உண்டாகும் இடம். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து போகிறார்கள், நாம் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று போய்க் கை நீட்டிவிடுகிறோம். ‘எல்லாம் ஒரே அப்பம்தானே’ என்ற எண்ணம் வேறு.

அப்படி இல்லை. அப்பமும் ரசமும் தம் உள்ளியல்பில் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுப்பேரவை) இதைச் சொன்னது, 1551-இல் திரெந்து சங்கம் மறுபடி உறுதிசெய்தது. ஆர்த்தடாக்ஸ் சபையும் அது உண்மையிலேயே உடலும் இரத்தமும் என்றே நம்புகிறது, ஆனால் எப்படி மாறுகிறது என்று விளக்கப் புகுவதில்லை. அப்பத்தோடும் ரசத்தோடும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்றார் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர். இது நினைவுகூரும் விருந்து என்றார் சூரிக் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்லி. 1529-இல் மார்பர்க் நகரில் இருவரும் நேரில் பேசினார்கள். 15 கூற்றுகளில் 14-இல் உடன்பட்டவர்கள், இந்த ஒன்றில் உடன்பட முடியாமல் பிரிந்தார்கள். தூய ஆவியின் வழியாக விசுவாசிகள் கிறிஸ்துவில் பங்குபெறுகிறார்கள் என்ற இன்னொரு சீர்திருத்தவாதி கால்வினின் போதனை பின்னர் வந்தது. இத்தனை பேர் இத்தனை கவலையோடு வாதிட்ட ஒன்றைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டு வரிசையில் நிற்பது, அவர்கள் எல்லோருடைய விசுவாசத்தையும் லேசாக எடுத்துக்கொள்வதாகும்.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நற்கருணை வாங்குவது ‘இந்தச் சபையோடு முழு ஒன்றிப்பில் இருக்கிறேன்’ என்ற அறிக்கையும்கூட. ஆகவே உங்களுக்குத் தரவில்லை என்றால் உங்கள் விசுவாசம் குறைந்தது என்று பொருளல்ல. மரண ஆபத்து போன்ற சூழலில், சில நிபந்தனைகளோடு மற்றச் சபையாருக்கும் தர கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. ஆர்த்தடாக்ஸ் விசுவாசி தாமாகக் கேட்டால் அதற்கும் வழி உண்டு. ஆர்த்தடாக்ஸ் சபையிடம் கத்தோலிக்கர் இதையே எதிர்பார்க்க முடியாது, பொதுவாக அங்கே தரமாட்டார்கள். இன்னொரு தவறான கணிப்பு, புரொட்டஸ்டன்ட் சபை என்றால் யாரும் பங்குபெறலாம் என்பது. ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அழைக்கும் சபைகள் நிறைய உண்டு. தம் போதனையை ஏற்றவர்களுக்கு மட்டும் தரும் லூத்தரன் சபைகளும், விசுவாசித்து மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் தரும் பாப்டிஸ்ட் சபைகளும் உண்டு. முன்கூட்டியே அறிவிப்பார்கள். அறிவிக்காவிட்டால் ஆராதனைக்கு முன்பே ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. பல கத்தோலிக்க ஆலயங்களில், நற்கருணை வாங்காதவர் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் குரு ஆசி மட்டும் வழங்குவார். ஆர்த்தடாக்ஸ் ஆலயத்திலோ, நற்கருணை வாங்குபவர்தான் கைகளை அப்படி வைத்துக்கொண்டு கிண்ணத்தை நோக்கி வருவார். ஆசி கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் நற்கருணையையே கேட்டு நிற்போம். சந்தேகம் இருந்தால் இருக்கையிலேயே இருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டின் முடிவில் ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டித் துண்டுகளைப் பகிர்வார்கள். அது நற்கருணை அல்ல. விருந்தினருக்கும் அன்போடு நீட்டுவார்கள், பயந்து மறுக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்க ஆலயத்தில் தெரியாமல் அப்பத்தைக் கையில் வாங்கிவிட்டால், அதைப் பையில் போட்டுக்கொள்ளவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ கூடாது. அங்கேயே குருவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயக்கமாக இருந்தாலும் அவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஞானஸ்நானம் ஒன்றா, இரண்டா?

‘இன்னொரு முறை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?’ என்ற கேள்வியைத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். ‘ஒரே ஞானஸ்நானம்’ என்பது நிசேயா விசுவாச அறிக்கையிலேயே இருக்கிறது. தண்ணீராலும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும், திருச்சபை கருதும் நோக்கத்தோடு கொடுக்கப்பட்டது என்றால், கொடுத்தவர் வேறு சபைப் போதகராக இருந்தாலும் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்கிறது. அப்படிப்பட்டவர் கத்தோலிக்கராகச் சேரும்போது மறுபடி திருமுழுக்கு (ஞானஸ்நானம்) தரமாட்டார்கள், சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையார் ‘மறுஞானஸ்நானம்’ கொடுக்கிறார்கள் என்று சொல்வதும் சரியல்ல. சுய விசுவாசத்தோடு எடுப்பதே ஞானஸ்நானம் என்பதால், குழந்தைக்குக் கொடுத்ததை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. அவர்கள் கணக்கில் இதுதான் முதலாவது. 1525-இல் சூரிக் நகரில் இப்படி ஞானஸ்நானம் எடுத்தவர்களை நகர ஆட்சி மன்றம் வேட்டையாடியது. 1527-இல் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். அந்த வரலாறு தெரிந்தால் இரு பக்கத்தாருமே கேலியை விட்டுவிடுவோம்.

சொல்லும் வார்த்தைகளிலும் கவனம் வேண்டும். ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் அளிக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நல்லெண்ணத்தில் செய்த மாற்றம், திருமுழுக்குப் பெற்றவர்களை மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுபோய்விட்டது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் பிறந்த குழந்தைக்கு அருட்தந்தை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று நினைப்பது வேதனையான தவறு. கத்தோலிக்கச் சட்டப்படி, சரியான நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொல்லலாம். குழந்தை பிழைத்துக்கொண்டால் திரும்பக் கொடுக்கக் கூடாது. பங்கு ஆலயத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஞானத்தந்தையாக வேறு சபை நண்பரை அழைத்துவிட்டு, கடைசி நேரத்தில் முடியாது என்று சொல்லி அவர் மனதை நோகடிப்பதும் நடக்கிறது. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் உறுதிப்பூசுதல் (திடப்படுத்தல்) பெற்ற கத்தோலிக்கராக, பொதுவாக 16 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மற்றச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற நண்பர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம்.

நோயில்பூசுதலை மரணத்தோடு சேர்த்துவைப்பது

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம், அதாவது திருச்சடங்கு, நோயில்பூசுதல். நான் மிகவும் வருந்துவது இந்தத் தவறுக்காகத்தான். எண்ணெயோடு குரு வந்துவிட்டால் முடிவு வந்துவிட்டது என்று நோயாளி பயந்துவிடுவார் என எண்ணி, நினைவு தப்பிய பிறகுதான் குருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். இந்த அருட்சாதனம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடும் நோய் தொடங்கும்போதே, பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன், முதுமையில் உடல் தளரும்போது பெறலாம். குணமாகி மறுபடி நோயுற்றால் மறுபடியும் பெறலாம். இறந்த பிறகு தர முடியாது, அப்போது ஜெபம் மட்டுமே. தாமதித்தால் நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆறுதலும் பாவசங்கீர்த்தனம் செய்யும் வாய்ப்பும் போய்விடும். சுயநினைவோடு ‘ஆமென்’ சொல்ல முடிகிற நேரத்தில் கூப்பிடுங்கள்.

எண்ணெய் பூசி ஜெபிக்கும் பெந்தெகொஸ்தே மூப்பர்களைப் பார்த்துக் கத்தோலிக்கர் முகம் சுளிப்பதும் வேண்டாம். இருவரும் சுட்டுவது யாக்கோபு 5:14 என்ற ஒரே வசனத்தைத்தான். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் பரிசுத்த வாரப் புதன்கிழமை அன்று கூடிவந்த விசுவாசிகள் எல்லோருக்குமே பூசுவார்கள்.

அருட்சாதனங்கள் ஏழு, புரொட்டஸ்டன்ட்டார் ஐந்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதும் மேலோட்டமான பேச்சு. அவர்களிடமும் திருமணமும் குருப்பட்டமும் உண்டு, திடப்படுத்தலும் பல சபைகளில் உண்டு. கிறிஸ்துவே நேரடியாக ஏற்படுத்தியவை என்று ஞானஸ்நானம், நற்கருணை ஆகிய இரண்டை மட்டும் தனியாக வைக்கிறார்கள். லூத்தரன் சபையாரின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை தனிப்பட்ட பாவ அறிக்கையைக் கைவிடக் கூடாது என்றே சொல்கிறது.

ஜெபத்தில்

எழுதிவைத்த ஜெபம் உயிரில்லாதது என்று ஒரு சாரார். வாய்க்கு வந்தபடி ஜெபிப்பது பயபக்தி இல்லாதது என்று இன்னொரு சாரார். சீடர்கள் ஜெபிக்கக் கற்றுத்தரும்படி கேட்டபோது இயேசு கொடுத்தது சொற்கள் அமைந்த ஒரு ஜெபம். கெத்செமனேயில் அவரே தரையில் விழுந்து தம் சொந்த வார்த்தைகளில் ஜெபித்தார். இரண்டுக்கும் அவரே சாட்சி.

சிலுவை அடையாளத்தைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கும், ஆர்த்தடாக்ஸ் சபையார் பலர் வலத்திலிருந்து இடத்துக்கும் வரைவார்கள். யாரையும் திருத்தப் போகாதீர்கள். அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது என்பதும் இல்லை, 1529-இன் சிறு ஞானோபதேசத்தில் காலையும் மாலையும் சிலுவை அடையாளம் இடும்படி லூத்தரே எழுதியிருக்கிறார்.

புனிதர்களிடம் மன்றாடுவதை விக்கிரக ஆராதனை என்று கடந்துபோவதும் நியாயமல்ல. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் வரம்பு கட்டியது. மரியாவிடம் கேட்பதும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றுதான். கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பதால் அதுவும் தேவையில்லை என்று புரொட்டஸ்டன்ட்டார் மறுக்கலாம், அது நேர்மையான மறுப்பு. மற்றவர் செய்யாத ஒன்றைச் செய்ததாகக் குற்றம் சாட்டுவது வேறு.

கலப்புக் குடும்பக் கூட்டத்தில் ஜெபம் நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எடுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்ற கடைசி வரியைப் புரொட்டஸ்டன்ட்டார் சேர்த்துச் சொல்வார்கள். கத்தோலிக்கர் ‘தீமையிலிருந்து’ என்ற வரியோடு நிறுத்திவிடுவார்கள், திருப்பலியில் குரு இடையில் ஒரு மன்றாட்டைச் சொன்ன பிறகே அந்தப் புகழ்ச்சி வரும். பாதிப் பேர் நிறுத்த, பாதிப் பேர் தொடர்ந்தால் ஜெபித்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘கடைசி வரியையும் சேர்த்துச் சொல்வோம்’ என்று தொடங்கும் முன் சொல்லிவிட்டால் போதும்.